மாட்டுக்கும் கோழிக்கும் நல்ல நுண்ணுயிர்கள்: பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அப்பா அல்சூரில் வீட்டுக்குப் பின்னாலேயே மாடு கட்டியவர். ஊர் பெருகி இடம் சுருங்கியதும் கொட்டகை ஆனேக்கல் பக்கம் போய்விட்டது. இப்போது என்னிடம் ஆறு கறவை. நான் கால்நடை மருத்துவர் இல்லை. ஆனால் தீவனக் கடையில் 'புரோபயாட்டிக்' என்று ஒரு பாக்கெட்டை நீட்டினால், எஜிபுராவிலிருந்தும் சந்தாபுராவிலிருந்தும் எனக்குத்தான் போன் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

புரோபயாட்டிக் என்பது மருந்தா, தீவனமா?

இரண்டும் இல்லை. உயிருள்ள நுண்ணுயிர்கள், அவ்வளவுதான். போதுமான அளவில் கொடுத்தால் உண்பவரின் உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்களுக்கே இந்தப் பெயர் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனமும் 2001-இல் கூட்டிய நிபுணர் குழு வரையறுத்தது. அதில் 'உயிருள்ள', 'போதுமான அளவு' என்ற இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

கால்நடைக்கு வருபவை பொதுவாக மூன்று வகை. தயிர்க் குடும்பத்தைச் சேர்ந்த லாக்டோபேசில்லஸ் போன்றவை, விதை மாதிரி உறங்கிக் கிடந்து வயிற்றுக்குள் போனதும் விழித்துக்கொள்ளும் பேசில்லஸ் வகைகள், அப்புறம் ஈஸ்ட். பன்னும் ரொட்டியும் உப்ப வைக்கும் அதே சாக்கரோமைசிஸ் செரிவிசியேதான் அந்த ஈஸ்ட். மாட்டுக்கென்று பொறுக்கி எடுத்த ரகம் வேறு.

மாட்டின் வயிற்றில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் கிருமி இருக்கிறதே, வெளியிலிருந்து எதற்கு?

சரியான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும்.

மாடு ராகித் தாளைத் தின்கிறது. ஆனால் அந்தத் தாளின் நாரை உடைக்கும் சரக்கு மாட்டின் உடம்பில் சுரப்பதே இல்லை. உடைப்பதெல்லாம் முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். வளர்ந்த பசுவில் அந்த வயிறு 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். சூடு 39 டிகிரியை ஒட்டி, காற்றே இல்லாத இருட்டு. அந்தச் சாறு ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம் கோடிக் கணக்கில் பாக்டீரியா. அதோடு புரோட்டோசோவா என்ற ஒற்றைச் செல் உயிர்களும் பூஞ்சையும் உண்டு. இவை நாரையும் மாவையும் புளிக்க வைத்து மூன்று அமிலங்களைத் தருகின்றன: அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக். மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் பெரும்பங்கு இவற்றிலிருந்துதான். பாலில் வரும் கொழுப்புக்கு அசிட்டிக்கும், பாலில் வரும் சர்க்கரைக்குப் புரோப்பியோனிக்கும் மூலப்பொருள். வேலை முடிந்த நுண்ணுயிர்கள் அடுத்த வயிறுகளுக்கு வழிந்து செரிமானமாகி, மாட்டுக்குப் புரதமாகவும் ஆகிவிடுகின்றன.

ஆக, நாம் தீனி போடுவது மாட்டுக்கு இல்லை, மாட்டுக்குள் இருக்கும் இன்னொரு மந்தைக்கு. அந்த மந்தை நன்றாக இருக்கும்போது பாக்கெட்டில் வருகிற நாலு பேருக்கு அங்கே வேலை இல்லை. மந்தை கலையும்போதுதான் அவர்களுக்கு வேலை. கன்று ஈன்ற முதல் சில வாரங்கள், திடீர்த் தீவன மாற்றம், வெயில் காலம், லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த மாடு, தவிடும் அடர்தீவனமும் அதிகமாகத் தின்னும் அதிகக் கறவை மாடு எல்லாம் அப்படிக் கலையும் நேரங்கள்.

ஈஸ்ட் போட்டால் பால் கூடுமா? எவ்வளவு?

நல்ல கறவையில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை கூடலாம். சில மாட்டில் ஒன்றுமே தெரியாது. நாளுக்கு மூன்று லிட்டர் கூடும் என்று ஒருவர் சொன்னால், அவர் பாக்கெட் விற்கிறவர்.

ஈஸ்ட் உள்ளே போய்ச் செய்யும் வேலை சுவாரசியமானது. தீனியோடும் தண்ணீரோடும் கொஞ்சம் காற்று முதல் வயிற்றுக்குள் போகும். நாரை உடைக்கும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் ஆகவே ஆகாது. ஈஸ்ட் அந்த ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகிறது. லாக்டிக் அமிலத்தைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்களையும் ஊக்கப்படுத்துகிறது. இதனால் வயிற்றில் புளிப்பு ஏறாமல் நிற்கிறது, நார் நன்றாக உடைகிறது. ஈஸ்ட் அங்கே நிலையாகக் குடியேறாது, வழிந்து போய்விடும். அதனால் தினமும் கொடுத்தால்தான் பயன். ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 1,000 கோடி முதல் 5,000 கோடி வரை உயிருள்ள ஈஸ்ட் செல்கள் என்பது வழக்கமான அளவு. பாக்கெட்டின் அடர்த்தியைப் பொறுத்து அது சில கிராம்தான் வரும்.

டெய்ரியில் கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.பையும் (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) பார்த்துத்தானே காசு போடுகிறார்கள். லிட்டர் கூடாமல் கொழுப்பு மட்டும் ஒரு புள்ளி ஏறினாலும் கணக்கு நேராகலாம். பாக்கெட்டின் ஒரு நாள் விலையை ஒரு பக்கமும், கூடுதலாக வரும் பால் காசை மறு பக்கமும் எழுதிப் பாருங்கள். ஆறு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நான் போடுவதில்லை.

என் மாட்டுக்குத் தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மதியம் மாடு படுத்து அசை போடும்போது எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். தொண்டையில் ஒரு கவளம் மேலே ஏறுவது தெரியும். அதிலிருந்து எண்ணுங்கள், எத்தனை முறை மென்று விழுங்குகிறது என்று. 50-லிருந்து 70 வரை இருந்தால் நல்லது. 40-க்குக் கீழே இறங்கினால் நார்த் தீனி போதவில்லை. நல்ல மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடும். தின்னும்போதும் அசை போடும்போதும் சேர்த்து ஒரு நாளில் ஊறும் எச்சில் 100 லிட்டரைத் தாண்டும். அந்த எச்சிலில் சோடா உப்பு கலந்திருக்கிறது, வயிற்றுப் புளிப்பை அடக்குவது அதுதான். அதாவது வைக்கோல்தான் மாட்டுக்கு முதல் மருந்து.

அடுத்து சாணி. ஒரு கை சாணியைப் பழைய மாவு சல்லடையில் போட்டுக் குழாயடியில் அலசுங்கள். (இதற்குப் பிறகு அந்தச் சல்லடை சமையலறைக்குத் திரும்பாது, முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுங்கள்.) முழு மக்காச்சோளமும், விரல் நீளத்துக்கு நாரும் மிஞ்சினால் உள்ளே செரிமானம் சரியில்லை. சாணி நுரை விட்டு, மினுமினுவென்று, புளிச்ச வாடையோடு ஒரு நாள் இளகி ஒரு நாள் இறுகி வந்தால் புளிப்பு ஏறுகிறது என்று பொருள்.

மூன்றாவது, இடது பக்கத்தில் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் உள்ள குழியில் மூடிய கையை அழுத்தி வையுங்கள். நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை வயிறு உங்கள் கையைத் தள்ளும். தள்ளவே இல்லையென்றால் பாக்கெட்டைத் தேடாதீர்கள், டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

கல்யாண மண்டபத்தில் மிச்சமான சோறு சும்மா கிடைக்கிறது. போடலாமா? கூடவே புரோபயாட்டிக் கொடுத்தால் ஒன்றும் ஆகாதுதானே?

ஆகும். நானே பட்டிருக்கிறேன்.

ஒரு முகூர்த்த நாளில், எங்கள் பக்கத்து மண்டபம் ஒன்றிலிருந்து இரண்டு டிரம் சோறும் பாயசமும் வந்தன. வேலைக்காரப் பையன் பாசத்தில் ஒரு பசுவுக்கு அரை டிரம் கொட்டிவிட்டான். மறுநாள் காலையில் தீவனத் தொட்டியை அது எட்டிப் பார்க்கவில்லை. மத்தியானம் மஞ்சளாக, மூக்கைத் துளைக்கும் புளிச்ச வாடையோடு கழிந்தது. சாயங்காலம் படுத்தது எழவில்லை.

நடந்தது இதுதான். சோறும் சர்க்கரையும் ஒரே நேரத்தில் மலையாக வந்ததும், மாவைத் தின்னும் சில பாக்டீரியாக்கள் காட்டாறு போலப் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. புளிப்பு ஏற ஏற நாரை உடைப்பவை சாகின்றன, புரோட்டோசோவா சாகிறது, வயிறு அசைவதை நிறுத்துகிறது. அமிலம் ரத்தத்தில் ஏறினால் மாடு போய்விடும். இந்த வெள்ளத்துக்கு எதிரே ஒரு கரண்டி ஈஸ்ட் என்ன செய்யும்?

டாக்டர் வந்து குளுக்கோஸ் பாட்டில், சோடா உப்பு ஊசி எல்லாம் போட்டார். உயிர் நின்றது, ஆனால் தீனி எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் ஒரு வேலை செய்தார். குழாயை உள்ளே விட்டு நோயாளி மாட்டின் வயிற்றுச் சாற்றைக் கொஞ்சம் எடுத்தார். பால் கலந்த சாம்பல் நிறம், தயிர்ப் புளிப்பு. அடுத்துப் பக்கத்தில் நின்ற நல்ல மாட்டில் எடுத்தார். அது ஆலிவ் பச்சை, ஊற வைத்த புல் வாசனை. இரண்டிலும் ஒவ்வொரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து, காரில் கொண்டுவந்திருந்த சின்ன மைக்ராஸ்கோப்பில் எனக்குக் காட்டினார். நல்ல மாட்டின் சொட்டில் உளுந்து மாதிரி உருவங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஒசூர் ரோடு சிக்னல் போல நெரிந்தன. நோயாளி மாட்டின் சொட்டில் ஒன்றும் அசையவில்லை.

நல்ல சாற்றைத் துணியில் வடிகட்டி, சூடு ஆறாமல் பிளாஸ்கில் பிடித்து, பத்து லிட்டர் வரை நோயாளி மாட்டுக்குள் குழாய் வழியே விட்டார். மறுநாள் சாயங்காலம் அது நாலு வாய் வைக்கோல் தின்றது. நான் பார்த்ததில் மிகச் சிறந்த புரோபயாட்டிக் அதுதான், அதற்கு லேபிள் இல்லை. நல்ல மாட்டின் வாயிலிருந்து அசைக் கவளத்தைப் பிடுங்கி நோயாளி மாட்டின் வாயில் திணிக்கிற பழைய பழக்கத்துக்கும் அடிப்படை இதேதான். குழாய் விடுவதை மட்டும் நீங்களாகச் செய்யாதீர்கள். குழாய் மூச்சுக்குழலில் இறங்கினால் மாடு செத்துப்போகும்.

மிச்சச் சோறு போட்டே ஆக வேண்டும் என்றால் மாட்டுக்கு ஒரு கிலோவுக்குள், முதலில் வைக்கோலைத் தின்ன விட்டு, தினமும் ஒரே அளவாக. விசேஷ நாளில் மட்டும் விருந்து வைப்பதுதான் கொல்கிறது.

பீர் கம்பெனிக் கழிவில் ஈஸ்ட் இருக்கிறதே, அது போதாதா?

பெங்களூரைச் சுற்றி இது தாராளமாகக் கிடைப்பதால் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த ஈரச் சக்கை பார்லியின் தோலும் புரதமும். நல்ல தீனி, ஆனால் ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன்பே வடித்து எடுத்த சக்கை அது. தனியாக வரும் பீர் ஈஸ்ட் கூழும் பெரும்பாலும் சூட்டில் செத்ததுதான். புரதமும் பி வைட்டமினும் தரும், உயிருள்ள ஈஸ்ட் செய்யும் வேலையைச் செய்யாது. ஈரச் சக்கை இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். பச்சையாகவோ கறுப்பாகவோ படிந்தால் மேலே உள்ளதை மட்டும் வழித்துப் போட்டுவிட்டுக் கீழே உள்ளதைக் கொடுக்காதீர்கள்.

தயிர், மோர் கொடுத்தால் போதாதா?

வளர்ந்த மாட்டுக்கு ஒரு சொம்பு மோர் என்பது ஏரியில் கரைத்த பெருங்காயம். கேடு இல்லை, பயனும் இல்லை. கோழிக்குப் புளித்த மோர் கொஞ்சம் உதவும், கிருமியை விட அதன் புளிப்புதான் காரணம். பால் குடிக்கும் கன்றுக்கு இரண்டு மூன்று கரண்டி புதுத் தயிர் கொடுக்கலாம். ஆனால் நம் வீட்டுத் தயிரில் எந்த ரகம், எத்தனை கோடி இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. தயிர்க் கிருமிகளில் பலவும் குடலைத் தாண்டும் முன்னே செத்துவிடும். கழிச்சல் கண்ட கன்றுக்குத் தயிரை நம்பி ஒரு நாளைக் கடத்துவது தவறு. அதற்கு முதலில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், அப்புறம் டாக்டர்.

கன்றுக்குட்டிக்கு எப்போதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பிறந்த முதல் வாரத்திலிருந்தே பாலில் கலந்து கொடுக்கலாம். லாக்டோபேசில்லஸ் வகைகள் கன்றுக் கழிச்சலைக் குறைப்பதாகப் பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் சீம்பாலைப் பற்றிப் பேச வேண்டும். பெங்களூரில் கின்னு என்ற சீம்பால் இனிப்புக்காகச் சீம்பாலுக்கு நல்ல விலை. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். கன்றின் ரத்தத்தில் நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல்தான் அது பிறக்கிறது. சீம்பாலிலிருந்து அதை உறிஞ்சும் குடல் வாசல் மணிக்கு மணி அடைபட்டுக்கொண்டே வந்து, ஒரு நாளில் மூடிவிடும். முதல் இரண்டு மணி நேரத்தில் இரண்டு லிட்டராவது, முதல் நாளுக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்காவது உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் மிஞ்சினால் கின்னு செய்யுங்கள், எனக்கும் பிடிக்கும். சீம்பாலை விற்றுவிட்டு அந்தக் காசில் புரோபயாட்டிக் வாங்குகிறவர்களை என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு பிடி கன்றுத் தீவனம், கொஞ்சம் காய்ந்த புல், பக்கத்தில் தண்ணீர். முதல் வயிறு வளர்வதும் நுண்ணுயிர் குடியேறுவதும் இதனால்தான். தாய் நக்குவதும் ஒரு வழி.

மொட்டை மாடியில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். கடையில் வாங்கிய குஞ்சுகள் சாகின்றன, அடைக்கோழி பொரித்தவை பிழைக்கின்றன. இதற்கும் நுண்ணுயிருக்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. அடைக்கோழியின் பின்னால் ஓடும் குஞ்சு, தாய் கிளறிய மண்ணையும் எச்சத்தையும் கொத்தி முதல் நாளிலேயே தாயின் குடல் நுண்ணுயிரை வாங்கிக்கொள்கிறது. இன்குபேட்டர் குஞ்சு தாயைப் பார்த்ததே இல்லை. அதன் குடல் காலி மனை மாதிரி, முதலில் வருகிறவன் வேலி போட்டுவிடுவான். வந்தவன் சால்மொனெல்லாவாக இருந்தால் கதை முடிந்தது.

பின்லாந்தில் சால்மொனெல்லா பரவிய சமயத்தில் நூர்மி, ரன்டாலா என்ற இருவர், வளர்ந்த கோழியின் குடலில் உள்ளதை ஒரு நாள் குஞ்சுகளுக்குப் புகட்டி, அவை சால்மொனெல்லாவைத் தாக்குப்பிடிப்பதை 1973-இல் எழுதினார்கள். நல்லவன் முன்கூட்டியே இடத்தைப் பிடித்துவிட்டால் கெட்டவனுக்கு இடமில்லை என்ற இந்தக் கணக்கில்தான் இன்றைய கோழிப் புரோபயாட்டிக்குகள் எல்லாம் நிற்கின்றன. ஆகவே கோழிக்குக் கொடுப்பதென்றால் குஞ்சு வந்த முதல் நாளிலேயே கொடுங்கள். மூன்றாம் வாரம் ஆரம்பித்தால் பாதிப் பயன் போய்விட்டது.

இதில் நகரத்துக்காரர்கள் ஒன்றைக் கோட்டை விடுகிறார்கள். குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் உண்டு. கிருமியைக் கொல்லத்தானே அதைப் போடுகிறார்கள், உங்கள் புரோபயாட்டிக்கும் ஒரு கிருமிதான். வாயகன்ற பாத்திரத்தில் இரவெல்லாம் திறந்து வைத்த தண்ணீரையோ போர்வெல் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். தடுப்பூசியைத் தண்ணீரில் கலக்கும்போது போடுவது போலக் கொஞ்சம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் சேர்த்தாலும் சரி. காலையில் கலந்ததை மத்தியானத்துக்குள் குடித்து முடிக்கும்படி அளவாகக் கலக்குங்கள்.

வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். அதற்குத் தடுப்பூசி மட்டுமே வழி, எந்தப் புரோபயாட்டிக்கும் தடுக்காது.

ஆன்டிபயாட்டிக்குக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாமா?

எந்த ஆன்டிபயாட்டிக் என்பதைப் பொறுத்தது. நோய் வந்த மாட்டுக்கு டாக்டர் போடும் ஊசிக்குப் பதிலாக ஒருபோதும் முடியாது. மடிநோய்க்கு ஈஸ்ட் கொடுத்தால் காம்புதான் போகும்.

வளர்ச்சிக்காகத் தீவனத்தில் தினமும் தூவும் ஆன்டிபயாட்டிக் வேறு விஷயம். அந்தப் பழக்கத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. ஸ்வீடன் இதை 1986-லேயே தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுவதும் நிறுத்தியது. இந்தியா 2019-இல் கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளிடம் பயன்படுத்தத் தடை விதித்தது. மனிதர்களுக்கு வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதைப் போய்க் கோழி கொழுக்கப் போட்டுக்கொண்டிருந்தோம். இந்த இடத்தை நிரப்பத்தான் புரோபயாட்டிக் வந்தது. நிரப்புகிறதா என்றால், கொட்டகை சுத்தமாக இருந்தால் ஓரளவு நிரப்புகிறது. அழுக்குக் கொட்டகையை எதுவும் காப்பாற்றாது.

ஊசி போடும் நாட்களில் புரோபயாட்டிக்கை நிறுத்த வேண்டுமா?

பாக்டீரியா வகை என்றால் ஊசி அதையும் கொன்றுவிடும், காசு வீண். கோர்ஸ் முடிந்ததும் ஒரு வாரம் கொடுங்கள். ஈஸ்ட் பூஞ்சை இனம், பாக்டீரியாவுக்கான மருந்து அதைத் தொடாது, தொடரலாம்.

பக்ரீத்துக்கு ஆடு கொழுக்க வைக்கிறேன். கடைசி மாதம் என்ன கொடுப்பது?

சாம்ராஜ்பேட்டை ஈத்கா மைதானத்தில் விலை பேசும்போது எல்லோரும் எடையைத்தான் பார்ப்பார்கள், அதனால் கடைசி மாதம் சோளமும் பருப்பு நொய்யும் கொட்டுகிறார்கள். மாட்டுக்குச் சொன்ன புளிப்பு ஆட்டுக்கு இன்னும் வேகமாக ஏறும். கூடவே துள்ளுமாரி. குடலில் சும்மா கிடந்த கிளாஸ்டிரிடியம் என்ற கிருமி, மாவுச்சத்து வெள்ளமாக வந்ததும் பெருகி நஞ்சைக் கக்கும். இரவு நன்றாக இருந்த ஆடு காலையில் விறைத்துக் கிடக்கும். தானியத்தை இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள், துள்ளுமாரித் தடுப்பூசியை முன்பே போடுங்கள். ஈஸ்ட் இதற்கெல்லாம் பிறகு.

ஒரு நுண்ணுயிரைப் புகுத்தினாலே கால்நடைக்குப் புதுத் திறமை வருமா?

வந்த கதை ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. சூபாபுல் தெரியும்தானே, வேலியோரம் நிற்கும் மரம். புரதம் நிறைந்த தழை, ஆனால் மிமோசின் என்ற நஞ்சும் இருக்கிறது. அதிகம் தின்றால் முடி கொட்டும், கழுத்துக் கழலை வீங்கும். ஆஸ்திரேலியாவில் மாடுகள் இப்படி அவதிப்பட்டன. ஹவாயிலோ ஆடுகள் அதே தழையை வயிறு முட்டத் தின்று நன்றாக இருந்தன. ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி, வித்தியாசம் ஆட்டில் இல்லை, ஆட்டின் வயிற்றில் என்று சந்தேகப்பட்டார். 1980-களில் ஹவாய் ஆட்டின் வயிற்று நுண்ணுயிரை ஆஸ்திரேலிய மாடுகளுக்குப் புகுத்தியதும் அவையும் தின்று தேறின. அவை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாமாகவே பரவவும் செய்தன. நஞ்சை உடைத்த பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே வைத்து 1992-இல் சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சி என்றார்கள். சூபாபுல் காலங்காலமாக வளரும் இடத்து ஆடுமாடுகளில் இது இயல்பாகவே இருக்கும். நம் பக்கமும் அப்படித்தான். ஆனாலும் புதிதாகப் பழக்கும் மாட்டுக்கு மொத்தப் பசுந்தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்க வேண்டாம்.

ஊறுகாய்ப் புல்லுக்குப் போடும் பொடியும் இதுதானா?

உறவுக்காரன். சைலேஜ் போடும்போது தூவுவது பெரும்பாலும் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம். மாட்டுக்குள் போய் வேலை செய்வதற்காக இல்லை, குழியில் புல்லைச் சீக்கிரம் புளிக்க வைத்துக் கெடாமல் காக்க. நறுக்கிய மக்காச்சோளத் தட்டையை நன்றாக மிதித்துக் காற்றை வெளியேற்றி மூடினால், பொடி இல்லாமலே பெரும்பாலும் நன்றாக வரும். மிதிப்பதில் சோம்பல் பட்டுவிட்டுப் பொடியைக் கூடுதலாகத் தூவுவது நம் ஆட்கள் வழக்கம்.

பாக்கெட்டில் எதைப் பார்த்து வாங்குவது?

பெயரோடு ரகத்தின் எண்ணோ எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'லாக்டோபேசில்லஸ்' என்பது 'நாய்' என்று சொல்வது மாதிரி, ராஜபாளையமா தெரு நாயா என்று தெரியாது. கிராமுக்கு எத்தனை சி.எஃப்.யு., அதாவது எத்தனை உயிருள்ள கிருமி, என்று போட்டிருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை தயாரித்த நாளுக்கா, காலாவதி நாள் வரைக்குமா என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாது, ஆனால் கேட்டால் அடுத்த தடவை விற்பனைப் பிரதிநிதியை அவர் கேட்பார். பதினெட்டு வகைக் கிருமி, என்சைம், வைட்டமின், ஈரல் டானிக் எல்லாம் ஒரே டப்பாவில் என்றால் ஒவ்வொன்றும் பெயருக்குத்தான் இருக்கும்.

கடையில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். தகரக் கூரைக்குக் கீழே, ஏப்ரல் வெயிலில், தீவன மூட்டையின் மேல் கிடந்த ஈஸ்டில் உயிர் கொஞ்சம்தான் மிஞ்சும். வீட்டில் சூடான கஞ்சியிலோ கொதிக்க வைத்த பருத்திக்கொட்டையிலோ கலக்காதீர்கள். தாது உப்போடு முன்கூட்டியே கலந்து வாரக்கணக்கில் வைக்க வேண்டாம், கொடுக்கும்போது ஒரு பிடி பூசாவில் (தவிட்டில்) புரட்டி வையுங்கள். குச்சித் தீவனம் 70, 80 டிகிரிச் சூட்டில் அழுத்தித் தயாராவது. அதில் பேசில்லஸ் விதைகள் பிழைக்கும், சாதாரண லாக்டோபேசில்லஸ் பிழைக்காது.

எனக்கு டாக்டர் எழுதிய கேப்சூல் மிச்சம் இருக்கிறது. கன்றுக்குக் கொடுக்கட்டுமா?

வேண்டாம். உங்கள் குடலுக்காகப் பொறுக்கிய ரகம் அது, அளவும் பத்தாது.

பஞ்சகவ்யம், ஈ.எம். கரைசல்?

ஈ.எம். என்பது ஜப்பானின் ஒகினாவாவில் பேராசிரியர் டெருவோ ஹிகா உருவாக்கிய நுண்ணுயிர்க் கலவை. கொட்டகைத் தரையிலும் சாணிக் குழியிலும் தெளித்தால் நாற்றமும் ஈயும் குறைவதை நானே பார்த்திருக்கிறேன். அடுக்குமாடிக்காரர்கள் புகார் கொடுக்கும் இடத்தில் மாடு வைத்திருப்பவருக்கு இது பெரிய உதவி. பஞ்சகவ்யம் செடிக்கு நல்லது என்று நம் ஊர் இயற்கை விவசாயிகள் சத்தியம் செய்வார்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சாணியையும் கோமியத்தையும் ஊற வைத்த எதையும் கன்றுக்கும் குஞ்சுக்கும் வாய்வழி கொடுக்க மாட்டேன். அதில் நல்ல கிருமியோடு எது வளர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

மாடு ஏப்பம் விட்டால் பூமி சூடாகிறது என்கிறார்களே, அதுவும் இந்தக் கிருமிகள் வேலையா?

ஆமாம். புளிக்கும்போது வரும் ஹைட்ரஜனைச் சில நுண்ணுயிர்கள் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவாக மாற்றுகின்றன, மாடு அதை ஏப்பமாக விடுகிறது. தின்ற தீனியின் சக்தியில் ஒரு பங்கு அப்படியே காற்றில் போகிறது, நமக்கும் நஷ்டம். ஆடுகோடியில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம், டேனின் நிறைந்த தாவரங்களிலிருந்து 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்ப்பைத் தயாரித்திருக்கிறது. மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் வரை குறைவதாக அவர்கள் கணக்கு. இது நுண்ணுயிரைச் சேர்ப்பதில்லை, உள்ளே இருப்பவர்களில் சிலரை அடக்கி வைக்கிறது.

பெங்களூரில் யாரிடம் போய்க் கேட்பது? எனக்குக் கன்னடம் சரளமாக வராது.

மாட்டைப் பற்றிப் பேச இந்த ஊரை விட நல்ல ஊர் கிடையாது. 1923-இல் தொடங்கிய பால்பண்ணை நிறுவனம் இங்கேதான் இருந்தது. 1927-இல் காந்தி உடம்பு தேற பெங்களூர் வந்தபோது அங்கே போய் மாடு வளர்ப்புப் பாடம் படித்தார். அதன் தலைமையகம் பிற்பாடு கர்னாலுக்குப் போய்விட்டது, தென் மண்டல நிலையம் இன்னும் ஆடுகோடியில்தான் இருக்கிறது. நோய் என்றால் ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். அங்கே தமிழ் புரிந்தவர்கள் கிடைப்பார்கள், இல்லாவிட்டாலும் 'ஹசு' (பசு), 'பேதி' (கழிச்சல்), 'மேவு' (தீவனம்) என்ற மூன்று வார்த்தை போதும். கோழிக்காரர்கள் எல்லையைத் தாண்டி ஒசூர் மத்திகிரியில் உள்ள கோழியின உற்பத்திக் கல்லூரிக்குப் போகலாம், அங்கே முழுக்கத் தமிழ்.

போகும்போது மூன்று விஷயம் கையில் இருக்கட்டும்: காலையில் போட்ட சாணி ஒரு டப்பாவில், கொடுக்கிற தீவனம் ஒரு பிடி, கடைசிப் பத்து நாள் பால் அளவு ஒரு தாளில். பாக்கெட்டை ஆரம்பிக்கும் முன் பத்து நாளும், ஆரம்பித்த பின் மூன்று வாரமும் அந்தத் தாளை விடாமல் எழுதுங்கள். நடுவில் தீவனத்தை மாற்றாதீர்கள், மாற்றினால் எதனால் கூடியது என்று தெரியாமல் போய்விடும்.